மழைக்குப் போட்ட கோடு

சாந்தன்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆபீசில் டைப் அடிக்கும் சுருளியம்மாளுக்கு வெறும் எண்களைக் கண்டாலே கொட்டாவி வரும். அதனால் அந்த ஜூலை மாதத்து மழைக் கணக்கை அடிக்கையில், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடு என்று சாய்கோட்டு விசையைத் தட்டிக்கொண்டே போனாள். அடைமழை நீளமாக ஓடியது; தூறல் குட்டையாக நின்றது.

தாளை உருவிப் பார்த்தவள் திகைத்தாள். ஏழு வரிக்கு ஒரு வரி மொட்டை. காலண்டரைப் புரட்டினால் அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை! அடுத்து வரும் திங்களின் கோடோ தாளின் ஓரத்தையே முட்டியது.

மேனேஜர் தாளைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். மழையில் உரம் கரைந்து ஓடாமல் இருக்க, இனி உரம் போடுவது ஞாயிற்றுக்கிழமைதான் என்று அப்போதே உத்தரவு போட்டார்.

சுருளியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. தினமும் மழைமானியை அளந்து எழுதும் பெரியமுத்துவைத் தேடிப் போனாள்.

"ஏண்ணே, ஞாயித்துக்கிழமை மட்டும் மழைக்கு யாரு லீவு குடுத்தது?"

பெரியமுத்து தலையைச் சொறிந்தார்.

"மழைக்கு ஏது தாயி லீவு? லீவு எனக்கு. அன்னைக்குப் பேஞ்ச தண்ணி குடுவைக்குள்ளயே கெடக்கும். திங்கக்கிழமை வந்து சேத்து அளந்துருவேன்."