பெயருக்குப் பின்னால் என்ன போடுவது

"ரோஸி, உன் பேருக்குப் பின்னாடி இன்னா போடணும்னு கேக்கறாங்க," என்றான் அண்ணன் ஜீவானந்தம், செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே. மறுமுனையில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் காத்திருந்தார்.

ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா சின்னப்பன் வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. படத்துக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்களும், பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகவும் வரவேண்டும். இல்லாவிட்டால் தெருமுனையில் நின்று படிக்கிறவர்களுக்கு மனசே ஆறாது.

"எம்.எஸ்சி., எம்.ஃபில்., அப்புறம் அடைப்புக்குறிக்குள்ள பிஎச்.டி. அதானே?"

ரோஸி ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். கடற்பாசியோடு வருஷக்கணக்கில் மாரடித்து, உருப்படியாக ஒரு முடிவும் கிடைக்காமல், போன மாதம்தான் ஆராய்ச்சிக்கு ஒரு கும்பிடு போட்டிருந்தாள். இப்போது நாவலூரில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திருத்தும் வேலை. வீட்டில் மூச்சு விடவில்லை. காலையில் அதே பை, அதே டிபன் டப்பா, அதே "காலேஜுக்குப் போறேம்பா." ஏறும் பஸ் மட்டும் வேறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தாள்.

"அந்த பிஎச்.டி. வேணாம்ண்ணா. விட்டுட்டேன். நாவலூர்ல வேலைக்குப் போறேன்."

ஜீவா அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இத இன்னிக்குத்தான் சொல்லணுமா? பால் பூத்துல கூட எம்பொண்ணு ப்ரொஃபசர் ஆகப்போறான்னு சொல்லிக்கினு இருந்தாரு மனுஷன்." பிறகு போனில், "ஆமாங்க, அடைப்புக்குறிக்குள்ளயே போட்டுடுங்க," என்றான்.

அப்பாவுக்குத் தெரியாமலே போனது நல்லதா கெட்டதா என்று ரோஸிக்குப் பிடிபடவில்லை. தப்பித்த மாதிரியும் இருந்தது, மாட்டிக்கொண்ட மாதிரியும் இருந்தது. தப்பித்தோம் என்று ஒரு நொடி தோன்றியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வெயில் ஏறிய பிறகு அவளுடைய ஆராய்ச்சி கைடு யக்ஞநாராயணன் மாலையோடு வந்தார். மாலையைச் சாத்திவிட்டு அவளை மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டார்.

"இப்ப பேசக்கூடாதுதான். உன் ரெஜிஸ்ட்ரேஷனை நான் இன்னும் கேன்சல் பண்ணலம்மா. அப்பாவுக்காகவாவது வந்து முடிச்சிடு."

"யோசிக்கறேன் சார்."

ஆராய்ச்சி அடைத்துப்போன கதவாக இருந்தாலாவது ஒரு வழியாக அழுது தீர்த்திருக்கலாம். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

உள்ளே வந்து அம்மா செல்வமேரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் காபிக்கு எழுந்திருந்த நேரம்.

"அம்மா, அப்பாவுக்கு அவரோட ஆபீஸ் வேலை புடிச்சிருந்துதா?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "யாரு கேட்டா? போனாரு, வந்தாரு." பெட்டிமேல் நழுவிய மாலையைச் சரிசெய்தாள். "நீ அண்ணன்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. அந்த வேலை புடிச்சிருக்கா உனக்கு?"

"தெரியலம்மா."

உண்மையாகவே தெரியவில்லை. நேற்று யாரோ ஒரு நார்வேக்காரர் எழுதிய கட்டுரையில் மூழ்கிப்போய் டிபன் டப்பாவைத் திறக்கவே மறந்திருந்தாள். சாயங்காலம் அந்தச் சோற்றை அப்பாவுக்குத் தெரியாமல் கொட்டினாள். அதைப் பிடித்தம் என்பதா, புது வேலையின் மும்முரம் என்பதா?

மாலையில் பாஸ்டர் ஜெபித்து முடித்தார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் வீட்டார் வந்து முத்தம் கொடுக்கலாம் என்றார். ஜீவா கொடுத்தான். கதறிய அம்மாவைப் பக்கத்து வீட்டுத் தபீதாள் அக்கா அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

ரோஸி குனிந்தாள். நெற்றி சில்லென்றிருந்தது. முத்தமிட்டுவிட்டு அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"அப்பா, நான் காலேஜுக்குப் போகலப்பா. நாவலூர்ல வேலை பாக்கறேன். புடிச்சிருக்குப்பா."

சொல்லிவிட்டும் அவள் நிமிரவில்லை. மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த இரண்டு பேரும் பாஸ்டரைப் பார்த்தார்கள்.

"ரோஸி, நேரமாச்சு," என்று ஜீவா தோளைத் தொட்டான்.

"இரு அண்ணா," என்றாள் அவள், அப்பாவின் வாயருகே காதை வைத்தபடி.