பாயாதவனுக்குத்தான் வேலை

என் கணவர் ஒரு கிடங்கின் காவல் மேற்பார்வையாளர். ஆள் எடுக்க அவருக்கென்று ஒரு பரீட்சை உண்டு. கிடங்கு ஊழியர் ஒருவரை அடையாள அட்டை இல்லாமல் வாசல் வழியே நடந்து வரச் சொல்வார். வேலை கேட்டு வந்தவர்களில் எவன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடிக்கிறானோ, அவனுக்கு அன்றைக்கே சீருடை. "யாருங்க நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன மாதப் பரீட்சையில் அப்படி நடந்து வந்த எடை போடுகிற ஊழியருக்குப் பல் ஒன்று போனது. இவருக்கு ஒரே பெருமை.

இந்த மகானோடுதான் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். என் வெள்ளை அணுக்கள் என் சிறுநீரகத்தையே தாக்குகின்றனவாம்.

"நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. புது அணுக்களுக்கு அங்கதான் பயிற்சி. உடம்புல இருக்கறதுல எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அதுங்க கண்ணுல காட்டும். அதைப் பாத்துப் பாயறதை அங்கேயே அழிச்சிடும். பாயாததுக்குத்தான் வேலை. தப்பிச்சு வெளிய வர்றதை அடக்கவும் தனி அணுக்கள் உண்டு. உங்களுக்கு அது சரியா நடக்கல. இந்த மாத்திரை பாயற அணுக்களைத் தணிக்கும். ஒரு வேளைகூட விடாதீங்க."

"பாயறவனை அழிச்சிட்டா அப்புறம் காவல் காக்கறது யாரு?" என்றார் என் கணவர்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்றிலிருந்து மாத்திரை கொடுக்கும் பொறுப்பை இவரே எடுத்துக்கொண்டார். வேளை தவறாமல் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றார். இருபது வருடத்தில் முதல் கரிசனம். எனக்கு மனசு குளிர்ந்துபோனது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மூன்றே மாதத்தில் முகமும் காலும் வீங்கின. பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா, "மாத்திரை சாப்பிடறீங்களா இல்லையா? கிட்னி பாதி போச்சு" என்று அதட்டினார். கைப்பையிலிருந்த டப்பாவை அவர் மேசைமேல் கொட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது வெறும் சத்து மாத்திரை."

இவர் தலையைச் சொறிந்தார். "நம்ம ஆளுங்களையே அடக்கிப் படுக்க வைக்கச் சொல்றீங்க. மனசு கேக்கல. எதிர்ப்பு சக்தி கூடட்டுமேன்னு மாத்தி வச்சேன்."

"நல்லாவே கூடிடுச்சு" என்றார் டாக்டரம்மா, புதுச் சீட்டு எழுதியபடி. "மிச்சத்தையாவது காப்பாத்தணும்."

சீட்டுக்கு நான் கை நீட்டுவதற்குள் பழக்க தோஷத்தில் இவர் வாங்கிக்கொண்டார்.

"குடுங்க" என்றேன்.

"ஏன்டி, நான் உன் புருஷன்."

"அதனாலதானே மூணு மாசமா சந்தேகமே வரல" என்று சொல்லிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.