லாரி வரும் முன்பே

கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததுமே அரசுக் கால்நடை டாக்டர் நின்றுவிட்டாள். மூவாயிரம் கோழிகள் இருக்கும் இடத்தில் அத்தனை அமைதி இருக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயடியில் ஏழெட்டுக் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. கொண்டைகள் நீலம் பாரித்திருந்தன.

"நேத்து பன்னெண்டு செத்துது, இன்னிக்கு நாப்பது. குஞ்சு குடுத்து வளர்க்கச் சொல்ற கம்பெனியோட சூப்பர்வைசர்கிட்ட சொன்னா வெயில்ங்கிறார்" என்றாள் பண்ணைக்காரி.

டாக்டர் ஐந்து கோழிகளின் தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து, மருந்துநீரில் கலக்கி, சோதனைப் பட்டைகளில் மும்மூன்று சொட்டு விட்டாள். ஒரு கோடு விழுந்தால் கவலையில்லை. இரண்டு விழுந்தால் பறவைக் காய்ச்சல். கால் மணி நேரத்தில் நான்கு பட்டைகளில் இரண்டிரண்டு கோடுகள் விழுந்தன. மாதிரிகளை அப்போதே லேபுக்கு அனுப்பிவைத்தாள்.

பைக்கில் வந்து இறங்கிய சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது விளையாட்டுச் சாமான் மேடம். லேப் ரிப்போர்ட் வரட்டும். நாளைக்கு லாரி வருது, ஏத்திடுவோம்."

"ரிப்போர்ட் வர நாலு நாளாகும். அதுக்குள்ள கோழி நாலு சந்தைக்குப் போயிடும்."

"போனா என்ன? வேகவச்சுத்தானே திங்கிறாங்க."

"அறுக்கிறவன் பச்சையாத்தானே தொடுறான்?"

டாக்டர் மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டாள். "லேப் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்று அவர் போனை வைத்துவிட்டார். போன மாதம் மேடைபோட்டு, 'பண்ணையிலேயே கண்டுபிடிங்க' என்று இதே பட்டைகளைக் கொடுத்தவர் அவர்தான். கண்டுபிடித்தால் வாயைப் பொத்தச் சொல்கிறார். டாக்டருக்குக் காது மடல்வரை கொதித்தது.

ஒரு தாளில், 'இங்கிருந்து ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள்.

பண்ணைக்காரி தயங்கினாள். "இதை ஒட்டினா கம்பெனி எனக்கு அடுத்த குஞ்சு தராது." பிறகு குழாயடியில் கிடந்த கோழிகளைப் பார்த்தாள். "செத்ததையெல்லாம் என் வீட்டுக்காரர்தான் அள்ளுறார். நேத்திலேர்ந்து இருமுறார்."

தாளை வாங்கிக் கேட்டில் ஒட்டிப் பூட்டினாள். புருஷனை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை லாரி வந்தபோது இருவரும் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் சேதி கேட்டு வந்து அவர்களோடு நின்றார்கள்.

"யாரு உங்களுக்கு அதிகாரம் குடுத்தது?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"படிச்ச படிப்பு" என்றாள் டாக்டர்.

லாரி வெறுமனே திரும்பியது.

நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது: பறவைக் காய்ச்சலேதான். மிச்சமிருந்த கோழிகளையெல்லாம் கொன்று குழியில் புதைத்தார்கள். பக்கத்துப் பண்ணைகள் பிழைத்தன. புருஷனுக்கு வெறும் சளி. ஆனால் கம்பெனி பண்ணைக்காரியைக் கைகழுவிவிட்டது. மேலதிகாரியின் படம் 'துரித நடவடிக்கை' என்று பேப்பரில் வந்தது. டாக்டருக்கு வந்ததோ, ஆய்வக முடிவுக்கு முன் செயல்பட்டதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

"மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிடுங்க மேடம், முடிஞ்சிடும்" என்றார் ஆபீஸ் கிளார்க்.

அவள் மூன்று வரி எழுதினாள். 'காத்திருந்தால் நோய் பரவியிருக்கும். மறுபடியும் இதையே செய்வேன். பண்ணைக்காரிக்கு நஷ்டஈடு எப்போது வரும் என்பதை நீங்கள் எனக்கு விளக்கவும்.'