தொண்ணூறு நாள்

ஆண்டிமடத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊரில் இங்கிலீஷ் காகிதம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாத்தியார் அமிர்தசாமிக்குத் திமிர் என்று ஊரே பேசும். பேசட்டும். எனக்குத் திமிர் இருந்தது உண்மைதான்.

எங்கள் ஊர் மிக்கேல் சிலோனில் தேயிலைத் தோட்டத்து வேலைக்காரன். வருஷா வருஷம் ஊருக்கு வந்து போவான். அக்கரைக்குப் போவது அவனுக்கு அரியலூர் சந்தைக்குப் போய்வருவது மாதிரி. பாழாய்ப்போன யுத்தம் வந்து அதைக் கெடுத்தது. அந்த வருஷம் தன் அம்மாவின் வீட்டுக் கூரையை வேய்ந்து கொடுக்க வந்தவன், கையில் ஒரு பர்மிட்டோடு வந்திருந்தான். கெடுவுக்குள் மண்டபம் முகாமில் போய் நின்றால்தான் திரும்பக் கப்பல் ஏற்றுவார்கள். தாண்டினால் அந்தக் காகிதம் செல்லாது, புதிதும் கிடைக்காது. அங்கே அவன் மனைவி தெரசம்மாள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஆவணியில் பிரசவம். அவளுக்கு இவனை விட்டால் நாதியில்லை.

கெடு எவ்வளவு என்று கேட்டு வந்தான். தொண்ணூறு நாள் என்று போட்டிருந்தது. நான் சோற்றில் கை வைத்திருந்தேன். மூன்று மாதம், போடா என்றேன். அவன் நகரவில்லை. மீன்சுருட்டி ஊர்க்காரன் ஒருவனைக் கெடு தவறியதென்று மண்டபத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம், இன்னொரு தரம் பாருங்கள் என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் படித்ததில் சந்தேகமா என்று விரட்டிவிட்டேன்.

ஆடி பாதியிலேயே கூரை முடிந்தது. கிளம்பட்டுமா என்று வந்து கேட்டான். கெடுதான் இருக்கிறதே, மாதா திருநாளுக்கு இருந்துவிட்டுப் போ என்று நிறுத்தியதும் நான்தான்.

ஆகஸ்டு பதினைந்து, திருநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். மிக்கேல் பர்மிட்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நாளைக்கு ரயில் ஏறுறேங்க. ஆவணி மூணுக்குள்ள மண்டபத்துல நின்னுடுவேன்."

எதற்கு ஆவணி மூன்று என்றேன்.

"வைகாசி மூணுல வந்து இறங்குனேன். வைகாசி, ஆனி, ஆடி. நீங்க சொன்ன மூணு மாசம்."

பர்மிட்டை வாங்கி விரித்தேன். கோடைக்காலத்துத் தமிழ் மாதங்கள் முப்பதோடு நிற்பதில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று ஓடும். காகிதத்தில் குத்தியிருந்த தேதி மே பதினாறு. விரல்விட்டு எண்ணினேன். தொண்ணூறாவது நாள் முந்தாநாளே முடிந்திருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க வாசலில் நின்றது, எனக்கு வாய் வரவில்லை. சில நாள்தானே, முகாம் அதிகாரி எண்ணியா பார்க்கப்போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பர்மிட்டை மடித்துக் கொடுத்தேன்.

"போயிட்டு வரேன், வாத்தியாரய்யா" என்றான். ஊரை விட்டுக் கிளம்பும் எவனும் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு அதைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆறாம் நாள் மண்டபத்திலிருந்து திரும்பி வந்துவிட்டான். அழுக்குச் சட்டையோடு என் வீட்டு வாசலில் நின்றான். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. தெரசம்மாளுக்குக் கடிதம் எழுதித் தரும்படி காகிதத்தை நீட்டினான். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"நான் எப்ப வருவேன்னு எழுதுங்க. நாளா எழுதுங்க, வாத்தியாரய்யா. மாசமா எழுதிடாதீங்க."

பேனாவை மையில் தொட்டேன். எழுத என்னிடம் ஒரு நாளும் இல்லை.