ஆமைப் பிளேட் வண்டி

என் வாய் சும்மா இருக்காது. அது ஊரறிந்த விஷயம். பெல்லாமி ஊரில் வண்டி நம்பர் பிளேட் கொடுக்கிற கவுண்ட்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கவுண்ட்டருக்கு வருகிறவர்களோடு பேசாமல் வேறு யாரோடு பேசுவது?

ஆமைப் பிளேட் வந்த நாளிலிருந்து அதை விற்றுத் தள்ளியது நான்தான். வெளிர்நீலத்தில் கடலாமை நீந்துகிற படம். வருஷத்துக்கு இருபத்தைந்து டாலர் கூட. அந்தப் பணம் ஸ்கிம்மர் தீவில் மணல்மேட்டுக்கு வேலி போடவும், புல் நடவும், ஆமை முட்டை போட்ட இடங்களைக் காக்கவும் போகும். யாராவது சாதாரணப் பிளேட் கேட்டால் விட மாட்டேன். "ஏன், வாரம் பூரா கடல்ல குளிக்கிறீங்கல்ல, அதுக்கு ஒரு இருபத்தஞ்சு குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்பேன். பாதிப் பேர் என் தொல்லை தாங்காமலே வாங்கினார்கள்.

தீவிலிருந்த என் அக்கா நெல்டாவும் வாங்கினாள். அவளுக்கு நுரையீரல் போய்விட்டது. இரவும் பகலும் மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். கார் ஓட்டுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியும் பிளேட்டை மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். "ஆமைக்கு நான் குடுக்கிற காசுடீ அது, உனக்கென்ன?" என்பாள்.

ஜூலையில் ஒருவன் வந்தான். கத்தரித்த தாடி, சுத்தமான சட்டை, வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்'. வெள்ளை வேனுக்கு ஆமைப் பிளேட் வேண்டும் என்றான். நான் கேட்காமலே ஒருவன் கேட்கிறானே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"புயல் அடிச்சா மறுநாள் ஆமைக்காரங்களத்தான் முதல்ல தீவுக்குள்ள விடுவாங்களாமே, மேடம்?" என்றான்.

"பின்னே? அலை முட்டையெல்லாம் அரிச்சு வெளிய போட்டிருக்கும். வெயில் ஏர்றதுக்குள்ள எடுத்துப் புதைக்கணுமே. வீட்டுக்காரங்களே மத்தியானம்தான் போக முடியும்."

"அதுக்கு லிஸ்ட்ல பேர் இருக்கணுமோ?"

"லிஸ்ட்டாவது ஒண்ணாவது! தீவுக்குப் போற பாலத்துல நிக்கிற போலீஸ் பசங்க பிளேட்டப் பாத்ததும் கை காட்டிருவாங்க."

பெருமைதான், வேறென்ன. அவன் சிரித்தான், நன்றி சொன்னான், போனான்.

செப்டம்பரில் புயல் வந்தது. பெரிய புயல் என்று சொல்ல முடியாது. நெல்டாவைக் கிளம்பச் சொல்லி மூன்று முறை போன் பண்ணினேன். போன தடவை பள்ளிக்கூட ஹாலில் படுக்க வைத்தார்களாம், ஒரு மாசம் இருமினாளாம், வர மாட்டாளாம். "கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கு. அதுவும் போனா ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு இருக்கு. நீ உன் வீட்டப் பாரு," என்று வைத்துவிட்டாள்.

என் வீட்டில் பைன் மரம் சாய்ந்து கார் நசுங்கியது. விடிந்ததும் என் கணவரின் தம்பி மகனுடைய பழைய பிக்கப்பை வாங்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். தடுப்புக் கட்டை போட்டு லாமர் நின்றான். அவனுடைய முதல் மோட்டார் சைக்கிளுக்குப் பிளேட் கொடுத்ததே நான். இன்றைக்கு போலீஸ் தொப்பி.

"மிஸ் வெர்லீன், பன்னெண்டு மணிக்கு மேலதான். எங்கம்மா வந்தாலும் இதேதான்."

"நெல்டா தனியா இருக்காடா. மூணு மணி நேரமா போன் கிடைக்கல."

"உள்ள ரெண்டு பேர் ரோந்து போறாங்க, சொல்லி வைக்கிறேன். ஊருக்கெல்லாம் ஆமை வித்தீங்களே, உங்க வண்டில எங்க ஆமை?" என்று பல்லைக் காட்டினான்.

அப்போதுதான் வெள்ளை வேன் வந்தது. லாமர் பிளேட்டைப் பார்த்தான், கட்டையை நகர்த்தினான், கை காட்டினான். ஓட்டுகிறவன் என்னைப் பார்த்து ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். கத்தரித்த தாடி. பக்கத்தில் இன்னொருவன்.

முட்டை எடுக்கப் போகிறவர்கள் வாளியும் மண்வாரியும் கொண்டுபோவார்கள். அந்த வேனின் பின்பக்கம் தெரிந்தது ஒரு தள்ளுவண்டியும் சுருட்டிய தார்ப்பாயும். லாமரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? 'அவனுக்கு வழி சொல்லிக்கொடுத்ததே நான்தான்' என்றா? ஒருவேளை நல்லவனாகவே இருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்தேன். கரண்ட் இல்லாத தீவில் ஜெனரேட்டர் ஓடினால் அரை மைலுக்குக் கேட்கும். அது எந்த வீட்டில் ஓடுகிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

முக்கால் மணி கழித்து என் போன் அடித்தது.

"வெர்லீன்! லைன் கிடைச்சிருச்சு பாரு. ஆமைக்காரப் பசங்க ரெண்டு பேர் வந்தாங்கடீ, தங்கமான பசங்க." நெல்டா மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள்.

"எதுக்கு வந்தாங்க?"

"ஜெனரேட்டர் சத்தம் சரியில்லையாம். உள்ள உப்புத்தண்ணி ஏறியிருக்காம். எடுத்துட்டுப் போய் சுத்தம் பண்ணி அரை மணி நேரத்துல கொண்டாந்துடறோம்னாங்க. நான் முதல்ல கதவைத் திறக்கல, தெரியுமா? ஜன்னல் வழியா வண்டிய எட்டிப் பாத்தேன். ஆமை இருந்துச்சு. அப்புறம்தான் திறந்தேன்."

நான் வண்டியை விட்டு இறங்கினேன்.

"எலுமிச்சை கேக்குல பாதிய காலி பண்ணிட்டாங்க. பாவம், பசி."

"நெல்டா, சிலிண்டரைத் திற. இப்பவே."

"அரை மணி நேரத்துக்கு எதுக்கு? இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் ஏதாவது ஆச்சுன்னா?"

அவர்கள் திருடர்கள், வரமாட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பயந்தால் அவளுக்கு மூச்சு அடைக்கும், அதனால்தான் சொல்லவில்லை என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். பாதிதான் உண்மை. சொன்னால் 'உனக்கெப்படித் தெரியும்' என்று கேட்பாள். அதுதான் மீதிப் பாதி.

"திறன்னா திற!"

"சரி சரி, திறக்கிறேன். கத்தாத," என்றாள். லைன் போய்விட்டது.

லாமரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன், கவுண்ட்டரில் பேசியதையும் சேர்த்து. அவன் முகம் வெளுத்தது. ரேடியோவில் கூப்பிட்டான். ரோந்து போன இருவரும் வடகோடியில், நடுவில் கம்பம் விழுந்து கிடக்கிறதாம். அவன் பாலத்தை விட்டு வர முடியாது. கட்டையைத் தூக்கி எறிந்தான். "போங்க மிஸ் வெர்லீன், போங்க! அவனுங்க இந்த வழியாத்தான் வரணும், நான் பாத்துக்கறேன்."

இரண்டு மைல் போனதும் ரோட்டின் பாதியில் முழங்கால் உயரத்துக்கு மணல், அவசரத்தில் அதன் மேல் ஏற்றிவிட்டேன். பிக்கப் புதைந்து நின்றது. இறங்கி நடந்தேன். அறுபது வயசு, முட்டி இரண்டும் தேய்ந்தவை. நடந்தேன் என்பதைவிட விழுந்து எழுந்தேன் என்பதே சரி. எதிரே வெள்ளை வேன் வந்தது. நடுரோட்டில் கையை விரித்து நின்றேன். அது வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஓரமாக ஒதுங்கி என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தார்ப்பாய்க்கு அடியில் மேடு மேடாக இருந்தது.

லாமர் அவர்களைப் பாலத்தில் பிடித்தான். உள்ளே ஏழு ஜெனரேட்டர் இருந்ததாம். இது எனக்குச் சாயங்காலம்தான் தெரியும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். மரக்கால்களின் மேல் தூக்கிக் கட்டிய வீடு, பதினாறு படி. "நெல்டா, நெல்டா" என்று கத்திக்கொண்டே ஏறினேன். கதவு விரியத் திறந்திருந்தது. சாமானைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று வாசலில் செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். மேஜையில் மூன்று தட்டு. மிச்சக் கேக்கை அலுமினியத் தாளில் சுற்றி இரண்டு பொட்டலம் கட்டியிருந்தாள்.

நாற்காலியை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. கையைத் தொட்டேன், இன்னும் சூடு ஆறவில்லை.

சிலிண்டர் அவள் காலடியில் இருந்தது. சீல் பிரிக்கவே இல்லை. அதன் மீட்டர் முள் முழுசு என்று காட்டியது.