பூச்சுவருக்கு அந்தப் பக்கம்

என் பெரிய மகள் கல்யாணங்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறாள். நான் அவளுக்கு வேன் ஓட்டுகிறேன். லாரி ஓட்டிய கை சும்மா இருக்காது என்பதால் ஓட்டுகிறேனே தவிர, பூவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. நாளைக்குக் குப்பைக்குப் போகிற சாமானை இன்றைக்கு இத்தனை அழகாக அடுக்கி வைக்கச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் என் புத்திக்குப் படும்.

அவள் பட்டறையில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாற்காலியில் உட்காருவது. சாப்பாட்டு மேசை நடுவில் வைக்கிற பூ, உட்கார்ந்திருப்பவன் மோவாய்க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் தலைக்கு மேலே போய்விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் எதிரே இருக்கிறவன் முகம் மறைந்துவிடும், பேச்சு அறுந்துவிடும், கல்யாணச் சாப்பாடு ஆஸ்பத்திரிச் சாப்பாடாகிவிடும். அதனால் ஒன்றைக் கட்டி முடித்ததும் என்னை ஒரு பக்கம் உட்கார வைத்து, எதிர்ப்பக்கம் அவள் உட்கார்ந்து, "அப்பா, என் மூக்கு தெரியுதா?" என்பாள்.

"தெரியுது. உங்கம்மா மூக்கு" என்பேன்.

அவ்வளவுதான் சோதனை. அந்த மூக்கு கூர்மையாக ஆரம்பித்து, நுனியில் மட்டும் யாரோ விரலால் அமுக்கிவிட்டது மாதிரி இருக்கும். எந்தப் பூவுக்கு நடுவிலும் தப்பாது.

இப்படித் தொழில் செய்கிறவளிடம் போய், எதிராளி முகமே தெரியாதபடி ஒன்று கட்டிக் கொடு என்று கேட்டேன். காரணம் என் மச்சினன்.

மச்சினன் என்றால் போய்ச் சேர்ந்த என் மனைவியின் தம்பி. கடிகாரம் பழுது பார்ப்பவன். எதையும் ஒற்றைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பான். ஒரு தடவை என் ஏணியை இரவல் வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது நடுப்படி மட்டும் வேறு மரமாக இருந்தது. கேட்டதற்கு, "கொண்டுபோறப்பவே அப்படித்தான் இருந்துச்சு அத்தான்" என்றான். என் ஏணி எனக்குத் தெரியாதா? இன்றுவரை அந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை. தாண்டித்தான் ஏறுகிறேன்.

பெரியவள் கல்யாணத்தில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஏணிப் பேச்சு வந்தது. நான் சூப் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன் என்பது அவன் கட்சி. கிண்ணம் சறுக்கியது என்பது என் கட்சி. அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அவனைக் கூப்பிடப் பெரியவள் கல்யாணப் புடவையோடு தெருமுனை வரை ஓடினாள். அவன் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது சின்னவளுக்குக் கல்யாணம். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, நான் உட்காருகிற நாற்காலிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்களும் மாமாவும் என் மேசையிலதான் உக்காரணும். எதிரெதிரதான் இடம். சாப்பாடு முடியற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது."

"அவனுக்கு வேற மேசை இல்லையா?"

"அம்மா பக்கத்துல எனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான். அவர் எழுந்து போனா அம்மா எழுந்து போன மாதிரி. அக்கா மாதிரி என்னால தெருவுல ஓட முடியாதுப்பா. நான் குதிகால் உசந்த செருப்பு வாங்கியிருக்கேன்."

செருப்பைச் சொல்லும்போது சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. நான் கல்லில்லை.

"உக்காரறேன். ஆனா அவன் மூஞ்சி எனக்குத் தெரியக் கூடாது" என்றேன். பெரியவள் பக்கம் திரும்பி, "நடுவுல ஒரு சுவர் எழுப்பிடு. பூவாலயே எழுப்பு" என்றேன்.

மோவாய், தலை என்று அவள் பாடம் நடத்துவாள், நான் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவளோ ரோஜாத் தண்டில் முள் சீவிக்கொண்டே, "சரிப்பா" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டதும் கிடைக்கிற சாமானில் ஓட்டை இருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வேலை தொடங்கியது. பூவைக் குத்தி நிறுத்துகிற பச்சை ஸ்பாஞ்சுக் கட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். மிதந்துகொண்டிருந்ததை நான் கையால் அமுக்கினேன்.

"அமுக்காதீங்கப்பா. அதுவா குடிச்சு அதுவா இறங்கணும். அமுக்கினா மேல மட்டும் நனையும், உள்ள காஞ்சு கிடக்கும்."

"உங்க மாமன் மாதிரி."

"ரெண்டு பேருமே அப்படித்தான்" என்றாள்.

நனைந்த கட்டிகளைக் கம்பிச் சட்டத்தில் இடைவெளி விட்டு அடுக்கினாள். முதலில் இலை, அப்புறம் பெரிய ரோஜாக்கள், அப்புறம் சந்துகளை அடைக்கக் கார்னேஷன். நானும் ஒன்றைக் குத்தினேன். கோணலாக இருக்கிறதே என்று பிடுங்கி மறுபடி குத்தினேன். அது தலையைத் தொங்கப் போட்டது.

"குத்தினத எடுக்கக் கூடாதுப்பா. எடுத்த ஓட்டையில திரும்ப நிக்காது."

நான் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வேலையில் ஏமாற்றுகிறவன் பின்பக்கத்தில்தான் ஏமாற்றுவான். இங்கே பின்பக்கமும் முன்பக்கம் போலவே ரோஜாவாக நெருங்கியிருந்தது.

"அவன் பக்கத்துக்கு எதுக்கு இத்தனை ரோஜா? அவனுக்கு இலை போதும்."

"உக்காருங்கப்பா, அளவு பாக்கணும்."

உட்கார்ந்தேன். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். "என் மூக்கு தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். நீள மேசை. தலைமாட்டில் சின்னவளும் மாப்பிள்ளையும். எனக்கு நேர் எதிரே பூச்சுவர். மற்ற இடங்களிலெல்லாம் குட்டையான கிண்ணங்களில் பூ. பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் பெரியப்பா சுவரைப் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் ரொம்ப தாராளம்" என்றார். "பெண்ணோட அப்பா இல்லையா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. மேசைக்கு அடியில் பளபளவென்று துடைத்த ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. அவன்தான். முகம் தெரியவில்லை, மூச்சு தெரியவில்லை. சூப் வந்தது. நிம்மதியாகக் குடித்தேன்.

நிம்மதி பாதிக் கிண்ணம் வரைதான்.

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. ஏன் நின்றது? அப்புறம் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் ஒரு சிரிப்பு. யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்? லாரி ஓட்டியவர்களுக்குத் தெரியும், முட்டிக்கொண்டு பின்னால் வருகிற வண்டியால் பயமில்லை. கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது சட்டென்று காணாமல் போனால்தான் பயம். பிடிக்காதவனைப் பார்க்காமல் இருக்கலாம். நம்பாதவனைப் பார்க்காமல் இருக்க முடியாது. இது சுவர் கேட்டபோது எனக்குத் தோன்றவில்லை.

கண் மட்டத்தில் இருந்த ஒரு கார்னேஷனை உருவினேன். இலைதான் தெரிந்தது. இன்னொன்றை உருவினேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாவதற்குக் கை போனபோது, நான் தொடாமலே ஒரு ரோஜா அந்தப் பக்கமாக உள்ளே போய் மறைந்தது.

அது போன இடத்தில் ஒரு கண் இருந்தது. சுருக்கிய கண்.

"என்ன பாக்கறே?" என்றேன்.

"நீங்க என்ன பாக்கறீங்க அத்தான்?"

"நான் பூவப் பாக்கறேன்."

"நானும் பூவத்தான் பாக்கறேன்."

"பூ உன் பக்கமும் இருக்கில்ல, அதப் பாரு. எதுக்கு சிரிச்சே?"

"பல் செட்டு சூப்புல விழுந்துடுச்சு. பக்கத்துல உக்காந்திருக்கற பொண்ணு சிரிச்சுது, நானும் சிரிச்சேன். அதுக்கும் உங்ககிட்ட கேக்கணுமா?"

"இந்தச் சுவர எதுக்குப் பிக்கறே? இது நான் சொல்லிக் கட்டினது."

"நீங்க சொல்லியா?" கண் விரிந்தது. "நான் சொல்லிக் கட்டினது. அத்தான் மூஞ்சி தெரியாம ஒண்ணு கட்டும்மான்னு நான்தான் பெரியவளுக்கு போன் பண்ணிச் சொன்னேன். என் பக்கம் நிறைய ரோஜா வை, அவருக்கு இலை போதும்னு கூடச் சொன்னேன்."

"நான் உனக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

"நீங்க எப்போ சொன்னீங்க?"

"நீ எப்போ சொன்னே?"

"சின்னவ எனக்குப் பத்திரிகை கொடுத்துட்டுப் போன அன்னிக்கே சொன்னேன்."

எனக்குப் பின்னால் சொன்னானா, முன்னால் சொன்னானா என்று தெரியவில்லை. அதனால் குரலை உயர்த்தினேன். "என் பொண்ணு கட்டின சுவர். என்னுது."

"என் அக்கா பொண்ணு கட்டினது. என்னுதும்தான்."

மாப்பிள்ளையின் பெரியப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார். மேசையின் தலைமாட்டில் சின்னவளின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் பட்டது.

"அத்தான்" என்று சந்துக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "எழுந்திருக்காதீங்க. குழந்தை பாக்குது."

"நான் எங்கடா எழுந்தேன்? எழுந்து போற வழக்கம் உன்னுது."

"பேன்ட் பூரா சூப்பக் கொட்டினா உக்காந்துக்கிட்டு இருப்பாங்களா? இன்னிக்கும் கொட்டுங்க, எழுந்திருக்க மாட்டேன். பழைய பேன்ட்தான் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

என்னை நம்பாமல் பழைய பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இவ்வளவு முன்யோசனை அவனிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் சின்னவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அந்தப் பக்கமிருந்து அவனும் கையை ஆட்டியிருக்க வேண்டும். அவள் கை மெதுவாக வாய்க்குப் போனது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் பெரியவள் தண்ணீர் தெளிக்கும் குப்பியோடு ஒவ்வொரு மேசையாகப் பூவைப் பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது. சண்டைப் பேச்சில் நாங்கள் ஆளுக்கு நான்கைந்து பூவை உருவிவிட்டிருந்தோம்.

"டேய், பெரியவ வர்றா. எடுத்ததெல்லாம் திருப்பிக் குத்து."

அவன் குத்தினான், நானும் குத்தினேன். குத்தியதெல்லாம் தலையைத் தொங்கப் போட்டது. எடுத்த ஓட்டையில் நிற்காது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்.

"பல்குச்சி இருந்தா இந்தச் சந்துல விடுங்க" என்றான்.

மேசையிலிருந்த பல்குச்சி டப்பாவை அப்படியே உள்ளே தள்ளினேன். கடிகாரக்காரன் விரல் இல்லையா, தண்டோடு குச்சியைச் சேர்த்து, ஓட்டையை இறுக்கி, ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். நான் இந்தப் பக்கமிருந்து பூவைப் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சம் இடது பக்கம். உங்க இடது இல்ல, என் இடது." அவன் சொன்னபடி நகர்த்தினேன். நான்கைந்து நின்றன. மற்றவற்றுக்கு நேரம் போதவில்லை.

பெரியவள் வந்து நின்றாள். சுவர் பல் போன வாய் மாதிரி இருந்தது.

"இது யார் வேலை?"

"ஏசி காத்து" என்றேன்.

"ஆமாம்மா" என்றான் அந்தப் பக்கமிருந்து. "பேய்க் காத்து. என் கண்ணால பாத்தேன்."

எனக்காக அவன் பொய் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. நன்றாகவே சொன்னான்.

"காத்து பல்குச்சி குத்துமா மாமா?"

"இந்தக் காலத்துக் காத்த நம்ப முடியாதும்மா" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் என் சட்டைப்பையிலிருந்து இரண்டு கார்னேஷன்களை எடுத்தாள். சுற்றிக்கொண்டு போய் அவன் மடியிலிருந்து ரோஜாவை எடுத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ எங்கள் பல்குச்சிப் பூக்களையெல்லாம் உருவி, சந்தை இரண்டு கைகளாலும் ஒதுக்கி அகலமாக்கினாள். அந்தப் பக்கம் வெளிச்சம் வந்தது. நரைத்த மீசை, புதுக் கண்ணாடி. இத்தனை நாளில் கிழவனாகியிருந்தான்.

"அப்பா" என்றாள். "மாமா மூக்கு தெரியுதா?"

கூர்மையாக ஆரம்பித்து நுனியில் அமுங்கிய மூக்கு.

"தெரியுது" என்றேன். "உங்கம்மா மூக்கு."

அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். இதையெல்லாம் வளர விடக்கூடாது.

"அந்த நடுப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"கொண்டுபோறப்பவே அப்படித்தான் இருந்துச்சு அத்தான்."

"என் ஏணி எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்லுங்க, மத்த படியெல்லாம் என்ன மரம்?"

என்ன மரம் என்றால், மரம்தான். விடவில்லை நான். அவனும் விடவில்லை. தட்டு வந்தது, தட்டு போனது, இனிப்பு வந்தது. என் பங்கு இனிப்பில் பாதியை அவன் சந்து வழியாகக் கை நீட்டி எடுத்துக்கொண்டான். கேட்டுவிட்டு எடுத்ததாகச் சொல்வான், நம்பாதீர்கள்.

நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்து மேசைகளில் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்து எங்கள் நடுவில் நின்றாள்.

"சாப்பாடு முடிஞ்சுது. இனிமே ரெண்டு பேரும் எழுந்திருக்கலாம்."

"நீ போம்மா" என்றான் அவன்.

"இரு, இன்னும் பேசி முடியல" என்றேன் நான்.