இளையவளுக்குக் கிடைத்த எரிமலை

அருங்காட்சியகப் பட்டறைக்கு மூன்று எரிமலை மாதிரிகள் செய்யச் சொல்லி உத்தரவு வந்ததுமே, உயரமானது தனக்குத்தான் என்று மூத்தவள் முடிவு கட்டிவிட்டாள். பதினோரு வருஷமாக மாதிரி செய்கிறவள். கிடைத்ததோ அவள் தங்கைக்கு! வேலைக்குச் சேர்ந்து முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை, அதுவும் அக்காவின் சிபாரிசில் வந்தவள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அந்த உயரமான அடுக்கு எரிமலை என்றால் சும்மாவா? பூமியின் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் நுழைய, ஆழத்தில் பாறை உருகிக் கெட்டிக் குழம்பாக மேலே ஏறி, அடைபட்ட வாயு வெடித்து, சாம்பலும் லாவாவும் மாறி மாறிப் படிந்து எழும்பிய மலை. பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பது அதன் முன்னால்தான். மூத்தவள் தலையில் விழுந்தது கேடய எரிமலை. நீர்த்த லாவா வெகுதூரம் ஓடிப் பரவி, கவிழ்த்த தட்டு மாதிரிக் கிடக்கும். மூன்றாவது சிண்டர் கூம்பு, வாயிலிருந்து தெறித்த கற்கள் சுற்றி விழுந்து குவிந்த சின்னக் குன்று. அதைப் பட்டறைத் தச்சர் அரை நாளில் முடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதில் இன்னொன்றும் இருந்தது. இருவருமே இன்னும் தற்காலிகம்தான்; பட்டறையில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலி. அக்காளா தங்கையா என்று மேலாளர் இந்த மலைகளைப் பார்த்துத்தான் சொல்லப் போகிறார்.

"அக்கா, லாவாவுக்கு உன் பிசின் கலவையையே நானும் எடுத்துக்கவா? அழகா ஓடுது," என்று இளையவள் வாளியோடு வந்து நின்றாள்.

அந்த மலையில் லாவா ஓடவே கூடாது. கெட்டியாக, உச்சிக்குப் பக்கத்திலேயே உறைய வேண்டும். நாக்கு நுனிவரை வந்ததை மூத்தவள் விழுங்கினாள்.

"எடுத்துக்கோயேன்."

மூன்று நாள் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. இனிப்புத்தான் கூடுதல்.

நாலாம் நாள் மேலாளர் புவியியல் பேராசிரியரோடு வந்தார். பேராசிரியர் உயரமான மலையைச் சுற்றி வந்தார்.

"வேலை பிரமாதம். ஆனா லாவா மேசை விளிம்புவரைக்கும் ஓடியிருக்கே. இவ்வளவு நீர்த்திருந்தா மலை இந்த உயரத்துக்கு நிக்காதும்மா, படுத்துடும்."

இளையவள் பதறவில்லை. "அக்கா கலவைதான் சார். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

மேலாளர் மூத்தவளிடம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியாதாம்மா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கைகூட, சொல்லிவிடு என்பதுபோலத் தலையசைத்தாள். ஆனால் நேற்று வந்தவளுக்கு முன்னால், பதினோரு வருஷம் கை காய்த்தவள் தெரியாது என்பதா? அது அவளால் முடியவில்லை.

"தெரியும் சார். அவ வாளியைத் தூக்கிட்டு வந்தப்பவே தெரியும்."

மேலாளர் பேராசிரியரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். இளையவள் உளியை எடுத்து அடிவாரத்துப் பிசினைச் சுரண்ட ஆரம்பித்தாள். நிரந்தர வேலை போனது மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது. தானும் ஓர் உளியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து அக்காவை வா, போ என்றே பேசி வந்தவள், நிமிராமல் சொன்னாள்:

"நீங்க உங்க மலையைப் பாருங்க."